பெரியப்பா கொண்டுவராத மருந்து

ஏட்டி,

இன்று மத்தியானம் உன் மருந்துக் குப்பியை உடைத்துவிட்டேன். கண்காட்சிக்குப் போய்விட்டு வந்த கோபத்தில், தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜ் கதவை வெடுக்கென்று இழுத்தேன். முட்டைத் தட்டின் ஓரத்தில் நீ கடைசியாக வைத்துவிட்டுப் போன இன்சுலின் குப்பி உருண்டு வந்து தரையில் விழுந்தது. உடனே அந்த வாடை. கார்பாலிக் சோப்பும் புது ரப்பரும் சேர்ந்தாற்போல ஒரு வாடை. மற்றவர்களுக்கு அது மருந்து வாடை. எனக்கு ஐம்பது வருஷமாக, நீ வந்திருக்கிறாய் என்று அர்த்தம். சமையலறை வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டேன் என்றால் நம்புவாயா?

நீ போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. குப்பியின் கெடுதேதி எப்போதோ முடிந்துவிட்டது. தூக்கிப் போட மனம் வராமல் வைத்திருந்தேன். சிந்தியதை எதை வைத்துத் துடைத்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கோபத்தின் காரணத்தைக் கேள்.

உன் தம்பி, பெரியப்பா மகன், ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்து ஊரில் பாதிப் பேருடைய சர்க்கரையை அளந்து சொல்கிறானே, அவன் பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து 'மருத்துவ ஆராய்ச்சியின் மைல்கற்கள்' என்று கண்காட்சி போட்டான். சர்க்கரை நோய் விழிப்புணர்வாம். வாசலில் எல்லோருக்கும் பாதாம் பால், தித்திப்பு தொண்டையைக் கட்டும் அளவுக்கு. உள்ளே வரிசையாகப் பலகைகள். பூஞ்சையிலிருந்து மருந்து கண்டுபிடித்த பலகையில் காளான் படம். வலப்பக்கமாக முறுக்கவேண்டிய மரபணுவின் இரட்டைச் சுருளை இடப்பக்கமாக முறுக்கி வரைந்திருந்தார்கள். முப்பத்திரண்டு வருஷம் பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் எடுத்தவளின் கண்ணில் அது முள்ளாகக் குத்தாதா? இன்சுலின் பலகைக்கு வந்தேன். எத்தனை நாய்களைக் கொன்று கண்டுபிடித்த மருந்து அது! அங்கே கழுத்தில் பட்டு ரிப்பன் கட்டிய பொமரேனியன் ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். கடைசிப் பலகையைத்தான் பொறுக்க முடியவில்லை. உன் பெரியப்பா. நெற்றியில் மூன்று பட்டை விபூதி, படத்துக்குச் சந்தன மாலை. கீழே எழுதியிருந்ததை அப்படியே சொல்கிறேன்: 'அறியாமை மிகுந்த அக்காலத்திலேயே எதிர்ப்புகளைப் பொருட்படுத்தாது, தம் தம்பி மகளுக்கு இன்சுலின் தருவித்து உயிர் காத்த அறிவியல் முன்னோடி.'

எதிர்ப்புகளாம். அந்த வீட்டில் எதிர்ப்பு என்று இருந்தது ஒன்றே ஒன்று. அதற்குத்தான் மாலை போட்டிருந்தார்கள்.

உங்கள் வீட்டு வழக்கம் எனக்கு மறக்குமா? வெளியிலிருந்து என்ன வந்தாலும் முதலில் பெரியப்பா கைக்குப் போகவேண்டும். தாசில்தார் ஆபீஸில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்தவர். அச்சடித்த இங்கிலீஷ் எதையும் வாசிக்காமல் விடமாட்டார். பிஸ்கட் பொட்டலத்தை வாசித்து, முட்டை இருக்கிறது என்று கடைக்காரரிடமே திருப்பி அனுப்பியவர். உனக்குப் பதினான்கு வயதில் சர்க்கரை நோய் என்று தெரிந்து ஆஸ்பத்திரியில் இன்சுலின் எழுதிக் கொடுத்தபோது அவர் காசிக்குப் போயிருந்தார். அந்த மூன்று வாரமும் மருந்து உங்கள் அடுக்களை மூலையில், தண்ணீர் விட்ட மண்பானைக்குள் நிம்மதியாக இருந்தது. திரும்பி வந்தார். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை விரித்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார். மாட்டின் கணையத்திலிருந்து எடுத்தது என்று அதில் போட்டிருந்தது.

குப்பியை வாழைச்சருகால் பிடித்துக் கொண்டுபோய்ப் பின்பக்கக் கழிவுநீர்க் குழியில் உடைத்தார். பானையைத் தெருவில் போட்டார். பிறகு வீடு முழுக்கக் கோமியம் தெளித்தார். இதை நீ எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய்! ஒவ்வொரு தடவையும் இந்த இடத்தில் உனக்குச் சிரிப்பு அடக்க முடியாது. "மாட்டுத் தீட்டப் போக்க மாட்டு மூத்திரம். எந்த ஆராய்ச்சிக்காரனுக்கும் இது தோணாதுட்டி."

உன் அப்பா அண்ணன் கிழித்த கோட்டைத் தாண்டாதவர். சர்க்கரையைக் கொல்லும் என்று பாபநாசம் மலையிலிருந்து சிறுகுறிஞ்சான் இலை வந்தது. இடித்துப் பொடியாக்கி மூன்று வேளையும் கொடுத்தார்கள். நான்காம் நாள் உன்னைப் பார்க்க வந்தேன். பாயில் கிடந்தாய், மூச்சில் அழுகிய பழத்தின் வாடை. அன்று சாயங்காலமே உன்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வார்டு வாசலில் வைத்து ஒரு லேடி டாக்டர் உன் அப்பாவை ஏசின ஏச்சு, கூடப்போன எனக்கே காது கூசியது. பெரியப்பா அசையவில்லை. "உயிரு போனா அடுத்த சென்மம் வரும். ஆசாரம் போனா வருமா?" என்றார். அவர் போட்ட கணக்கில் போகும் உயிர் உன்னுடையது என்பது மட்டும் விட்டுப்போயிருந்தது.

அறிவியல் முன்னோடி!

பிழைத்து வந்த மறுநாள் உன் அம்மா பின்சந்து வழியாக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கையில் பித்தளைச் செம்பு, அதன் வாயை மூடித் துளசி. ஞாயிற்றுக்கிழமை, எங்கள் அடுப்பில் ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. அதுவரை எங்கள் வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காதவர்கள், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள்ளேயே வந்துவிட்டார்கள். செம்புக்குள் புதுக் குப்பியும் கண்ணாடி ஊசியும்.

"எக்கா, இத ஒங்க வீட்ல வச்சிக்கிடுதீங்களா? பிள்ள காலையிலயும் சாயங்காலமும் வந்து போட்டுக்கிடுவா. எங்க வாசலத் தாண்டி உள்ள வரக்கூடாதுன்னுதான் சொன்னாவ. பிள்ளைக்குப் போடக்கூடாதுன்னு சொல்லல்லா."

என் அம்மா "தாங்க," என்று வாங்கி, ஈரமணலில் புதைத்த எங்கள் பானைக்குள் வைத்தாள். அவ்வளவுதான் நடந்தது. உன் பெரியம்மா உட்பட உங்கள் வீட்டில் எல்லோரும், நீ இரண்டு வேளையும் என்னோடு சேர்ந்து கணக்குப் படிக்கப் போகிறாய் என்று வைத்துக்கொண்டார்கள். காலை ஆறரைக்கு வருவாய். ஊசியைக் கொதிக்க வைப்போம். தொடையைத் துடைத்துக் குத்திக்கொள்வாய். அந்த வாடை எங்கள் அடுக்களையில் கறி மசாலாவோடு கலந்து கிடக்கும்.

உடம்பு கொஞ்சம் தேறியதும் ஜில்லா நூலகத்தையே மேய ஆரம்பித்தாய். உனக்குள் போவது என்ன என்று தெரிந்தாகவேண்டும் உனக்கு. எங்கோ ஒரு கோடைகாலத்தில், வெக்கை பிடித்த மாடியறையில் இரண்டு பேர் நாய்களின் கணையத்தை எடுத்துப் பார்த்ததையும், செத்துக்கொண்டிருந்த ஒரு பையனுக்கு அந்தச் சாற்றைப் போட்டுப் பிழைக்க வைத்ததையும் நீ சொல்லித்தான் கேட்டேன். அந்த மாடியறையைக் கொடுத்த பேராசிரியர் கோடைக்கு ஊருக்குப் போய்விட்டாராம். பின்னால் கிடைத்த உலகப் பரிசில் அவருக்கும் பங்கு. நாயோடு நாயாக நின்ற உதவியாளுக்குக் கிடையாது. அதை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்து நீ சொன்னதை நான் வகுப்பிலேகூடச் சொல்லியிருக்கிறேன். "எல்லா ஊர்லயும் ஒரு பெரியப்பா இருக்காருட்டி."

பிறகு அது உனக்குப் பழக்கமாகவே போய்விட்டது. மரபணுவின் படத்தை எடுத்தவள் ஒருத்தி, அவளுக்குத் தெரியாமல் அதைக் காட்டிப் பெயர் வாங்கியவர்கள் வேறு ஆட்கள் என்று வாசித்தாய்: "அங்கனயும் ஒரு பெரியப்பா." கேட்காமலே ஒரு ஏழைப் பெண்ணின் உடம்பிலிருந்து செல்லை எடுத்து உலகமெல்லாம் வளர்த்தார்கள், வீட்டாருக்கே பல வருஷம் தெரியாது என்று வாசித்தாய்: "பெரியப்பாமாரு கூட்டம்." அம்மைக் குத்தைப் பற்றி வாசித்த அன்று மட்டும் நீ ஓட்டமாகவே வந்தாய். உன் பெரியப்பாவின் தோளில் இரண்டு வட்டத் தழும்பு உண்டே, அந்தக் காலத்தில் அந்த மருந்தைக் கன்றுக்குட்டியின் தோலில்தான் வளர்த்தார்களாம். "போயிச் சொல்லேன்," என்றேன். "வேண்டாம்ட்டி. தன் கையத்தான் வெட்டிப் போட்டுருவாரு," என்று விழுந்து விழுந்து சிரித்தாய்.

ஏட்டி, உன்னைப் போலச் சிரித்துக்கொண்டே எழுதிவிடலாம் என்றுதான் பார்க்கிறேன். அசன நாள் குறுக்கே வந்து நிற்கிறது. அதை விட்டுவிட்டுப் பெரியப்பாவை மட்டும் ஏசினால், பலகை எழுதிய உன் தம்பிக்கும் எனக்கும் வித்தியாசம் கிடையாது.

எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் எல்லோரும் கூடிக் கறிச்சோறு ஆக்கிச் சாப்பிடும் அசனம் என்றால் தெரு முழுக்கக் காலியாகிவிடும். பெண்கள் விடியற்காலமே காய் நறுக்கப் போய்விடுவார்கள். நீ வந்து ஊசி போட்டுக்கொள்ளும்வரை இருந்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு வா என்று அம்மா என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். எனக்குப் புதுத் தாவணி. வாசலில் கூட்டாளிகள் வந்து கூப்பிட்டார்கள். பூட்டினேன், சாவியை இடுப்பில் சொருகினேன், போனேன். உன் நினைப்பே இல்லை. மறந்தேன் என்பதற்கு அலங்காரமாக வேறு வார்த்தை கிடையாது.

நீ எங்கள் வாசல்படியில் வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தாய். பிறகு வீட்டுக்குப் போனாய். பூட்டின வீட்டுக்குள் உன் மருந்து இருக்கிறது என்று உன் வீட்டில் எப்படிச் சொல்வாய்? அப்படி ஒரு மருந்தே அங்கே கிடையாதே. கணக்குப் படிக்கப் போனவள் திரும்பி வந்திருக்கிறாள், அவ்வளவுதான். சாப்பிட வைத்தார்கள். சாப்பிட்டாய். வாந்தி எடுத்தாய். மத்தியானத்துக்குள் துவண்டுவிட்டாய்.

மூன்று மணி இருக்கும். இரண்டாம் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். கோயில் காம்பவுண்டு வாசலில் யாரோ என்னைத் தேடுவதாகச் சொன்னார்கள். எழுந்து போனேன். உன் பெரியப்பா. துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, வாசலுக்கு வெளியே, கறிக்குழம்பின் ஆவி படாத தூரமாகப் பார்த்து நின்றார்.

"சாவி," என்றார்.

"என்ன பெரியப்பா?"

"வீட்டுச் சாவி. பிள்ள ஒரு மாதிரியா இருக்கா."

அப்போதுதான் எனக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. நான் செய்தது என்ன என்பது ஒன்று. ஒரு வருஷமாக அவருக்கு எல்லாமே தெரியும் என்பது மற்றொன்று. கைகூடக் கழுவாமல் ஓடினேன். உன் அம்மா உன்னைத் தாங்கிப் பின்சந்து வழியாகக் கொண்டுவந்தார்கள். ஊசி போட்டோம். அவர் தெருவில், எங்கள் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வெளியே வந்து, "போட்டாச்சு பெரியப்பா," என்றேன்.

அவர் திரும்பவில்லை. "என்னத்தப் போட்டாச்சு? எனக்கு ஒண்ணும் தெரியாது, கேட்டியா," என்றார். நடந்து போய்விட்டார்.

உன்னைச் சாகவிட அவருக்கு மனமில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உன்னைப் பிழைக்க வைத்த பாவம் இன்னொருவர் வீட்டில் இருக்கவேண்டும். கொடுமைக்காரன் என்றால்கூடக் கொஞ்சம் மரியாதை வரும் எனக்கு. இது அதுவும் இல்லை. வாசற்படி சுத்தமாக இருந்தால் போதும் என்று நினைக்கிற ஆள்.

நீ தேறியதும் என் அப்பா மாற்றுச் சாவி ஒன்று செய்து உன் கையில் கொடுத்தார். "இனிமே யார் இருந்தாலும் இல்லன்னாலும் நீ வரணும்," என்றார். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தால் உன் சாவிக்கு வேலையில்லை என்று, காலை ஆறு மணிக்கெல்லாம் தாழ்ப்பாளை நீக்கிவிடுவது எங்கள் வீட்டு வழக்கமாயிற்று.

எத்தனையோ வருஷம் கழித்து, நான் டீச்சராகி, நீ அம்பாசமுத்திரம் வேளாண்மை அலுவலகத்தில் எழுத்தராகி, மாட்டு மருந்து போய்க் கிருமி செய்யும் மருந்து வந்தது. மனித மரபணுவைக் கிருமிக்குள் வைத்து இன்சுலின் செய்ய வைத்தார்கள். உலகத்துக்கு அது மைல்கல். உன் பெரியப்பாவுக்கு அது நிம்மதி. என்னை உங்கள் வீட்டுக்குள், முதல் தடவையாக நடுக்கூடம்வரை, வரச் சொன்னார்.

"டீச்சர்னு சொல்லுதாவ. மாடு கீடு ஒண்ணும் இல்லயே இதுல?"

"இல்ல பெரியப்பா. கிருமிய வச்சு வளக்காவ."

"கிருமின்னா? தயிர்ல உள்ளது மாதிரியா?"

நான் வாயைத் திறந்தேன். அந்தக் கிருமியின் சொந்த ஊர் மனிதனின் பெருங்குடல் என்று சொல்லியிருப்பேன். நீ என் காலை மிதித்தாய்.

"அந்த மாதிரிதான்," என்றேன்.

"அப்ப சைவம்," என்று தீர்ப்புச் சொன்னார். உன் அம்மா பெட்டிக்குக் குங்குமப் பொட்டு வைத்தார்கள். வெளியே வந்ததும் நீ, "மலத்துல கெடக்க கிருமி உள்ள வரலாம், மாடு வரக்கூடாது. சொல்லியிருந்தா நாளையிலருந்து தயிரையும் நிறுத்திருப்பாரு, விடுட்டி," என்றாய்.

ஆனால் நீ குப்பியை அங்கே வைக்கவில்லை. பொட்டு வைத்த பெட்டியை எங்கள் ஃபிரிட்ஜிலேயே கொண்டுவந்து வைத்தாய். அம்பாசமுத்திரம் பஸ்ஸைப் பிடிப்பதற்கு முன்னால் ஆறரைக்கு வழக்கம்போலக் கதவைத் திறந்துகொண்டு வந்தாய். இனிமேல்தான் உன் வீட்டிலேயே வைக்கலாமே என்று கேட்டேன். மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாய்: "அங்கன வச்சா நாளைக்கு அவுக குடுத்தது மாதிரி ஆயிரும்ட்டி."

அன்று எனக்கு அது வீம்பாகப் பட்டது. இன்று மண்டபத்தில் அந்தப் பலகைக்கு முன்னால் நின்றபோதுதான் நீ எவ்வளவு தூரம் பார்த்திருக்கிறாய் என்று தெரிந்தது. அதற்குப் பிறகும் முப்பது வருஷத்துக்கும் மேல் நீ எங்கள் வீட்டு வாசலை மிதித்தது இந்த ஒரு பொய்க்கு இடம் கொடுக்கக் கூடாது என்றுதான். நீ கண்ணை மூடிப் பதினான்கு மாதத்தில் அவர்கள் அதைப் பத்தடிப் பலகையில் அச்சடித்துவிட்டார்கள்.

உன் தம்பி மைக்கைப் பிடித்து, "எங்கப்பா மட்டும் இல்லன்னா எங்கக்கா பதினாலு வயசுலயே போய்ச் சேந்துருப்பா," என்று தழுதழுத்தான். சிறுநீரகம் போய் நீ வாரத்துக்கு இரண்டு தடவை டயாலிசிஸ் படுக்கையில் கிடந்த காலத்தில், ஒரே ஒரு நாள் ஹார்லிக்ஸோடு வந்து பார்த்தவன் அவன். சர்க்கரைக்காரிக்கு ஹார்லிக்ஸ்! பிறகு, "அக்காவின் உயிர்த்தோழி, ஓய்வுபெற்ற ஆசிரியை" என்று என்னை மேடைக்கு அழைத்தான். பொன்னாடை போர்த்தினான். ஐந்து நிமிஷம் பேசச் சொன்னான்.

ஏட்டி, நான் உண்மையைப் பேசவில்லை. மைக் முன்னால் நின்றேன். படத்தில் உன் பெரியப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். 'சாவி' என்று அவர் கேட்ட குரல் எனக்குள் கேட்டது. அதைச் சொன்னால், பூட்டிக்கொண்டு போனவள் யார் என்பதையும் சொல்லவேண்டும். "கண்காட்சி ரொம்ப நல்லா இருக்கு. எல்லாரும் பாருங்க," என்றேன். கை தட்டினார்கள். அன்று அவர் 'எனக்கு ஒண்ணும் தெரியாது' என்றாரே, இன்று நானும் அதைத்தான் வேறு வார்த்தையில் சொல்லிவிட்டு இறங்கினேன். எல்லா ஊரிலும் இருக்கிற பெரியப்பா எனக்குள்ளும் இருக்கிறார் போல.

வீட்டுக்கு வந்தேன், உன் குப்பியை உடைத்தேன். அந்தப் பொன்னாடையால்தான் தரையைத் துடைத்தேன். சரிகை பளபளக்கிறதே தவிர, ஒரு சொட்டு ஈரம் உறிஞ்சவில்லை. கடைசியில் பழைய கந்தைத் துணிதான் கைகொடுத்தது.

சாயங்காலம் உன் தம்பி போன் பண்ணினான். கண்காட்சி மலர் போடுகிறானாம். "டீச்சர்க்கா, எங்கக்காவப் பத்தி ரெண்டு பக்கம் எழுதித் தாங்க. அப்பாவையும் ரெண்டு வார்த்த சேத்துக்கிடுங்க," என்றான். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இதுதான் அது. இரண்டு பக்கத்துக்கு மேல் போய்விட்டது. பெரியப்பாவையும் சேர்த்திருக்கிறேன். அசன நாளையும் அடிக்காமல் விட்டிருக்கிறேன். அச்சில் போடுவானா என்பது அவன் பாடு. வாசித்துவிடுவான், அவன் அப்பா பிள்ளைதானே, அச்சோ எழுத்தோ, கைக்கு வந்தால் வாசிக்காமல் விடமாட்டான்.

உன் காரியம் முடிந்த வாரம் அவன் ஒரு சாவியைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தது உனக்குத் தெரியாது. "அக்கா பீரோவுல பத்திரமா துணில சுத்தி வச்சிருந்தா. வீட்ல உள்ள எந்தப் பூட்டுக்கும் சேரல. ஒங்களுக்கு எதும் தெரியுமாக்கா?" என்று கேட்டான். உன் உயிர் எங்கே இருந்தது என்று தெரியாத வீடு! நான் அன்றும் வாயைத் திறக்கவில்லை. "பாத்துச் சொல்லுதேன்," என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

அந்தச் சாவி என் கைப்பையில்தான் இருக்கிறது. பூட்டை மாற்றவில்லை. அம்மா, அப்பா, நீ எல்லோரும் போன பிறகும், காலை ஆறு மணிக்கு எழுந்ததும் முதல் வேலையாகத் தாழ்ப்பாளை நீக்குகிறேன். தனியாக இருக்கிற பொம்பிளை இப்படித் திறந்து போடலாமா என்று பக்கத்து வீட்டில் கேட்கிறார்கள். கேட்கட்டும்.

நாளைக் காலை இதை உறையில் போட்டு அவனுக்கு அனுப்புகிறேன். மேலே ஒரு வரி மட்டும் அவனுக்கென்று எழுதியிருக்கிறேன்: 'தம்பி, அந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று கேட்டாயே. எங்கள் வீட்டு வாசல் பூட்டுக்கு.'